நான் பிடுங்கிய கலவன்கள்

எங்கள் நிலையத்தில் இப்போது வயல் பதிவேடு கிடையாது. உதவியாளர்கள் கையில் ஒரு கணினிப் பலகை இருக்கிறது. அதில் ‘நீக்கிய செடிகள்’ என்ற கட்டத்தில் எண்ணைப் போடாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பூஜ்யம் போட்டால் ‘உறுதிதானா?’ என்று வேறு கேட்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதென்ன தொல்லை, உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். எங்கள் காலத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம் என்றேன். சிரித்தார்கள். அந்தக் கட்டம் இப்படி அடம்பிடிப்பதற்குக் காரணமே நான்தான் என்றபோது சிரிப்பு நின்றது. எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்ல, வயல் தொழில்நுட்ப உதவியாளர். போன வருடம், ஐம்பத்தைந்தாவது வயதில், முழங்கால் கேட்டுக்கொண்டதற்கு இணங்க விருப்ப ஓய்வு பெற்றேன். இளமையில் வேளாண்மைப் பட்டயம் படித்தேன். பாடப்புத்தகத்தைவிடக் கதைப்புத்தகம் அதிகம் படித்ததால் இரண்டிலும் அரைகுறை. அதன்பிறகு பதினோரு வருடம் ராஜபாளையம் பக்கத்தில் ஒரு விதைப்பண்ணையில் வேலை. அங்கே நான் முழுதாகக் கற்ற ஒரே வித்தை கலவன் எடுப்பது. விதைக்காக வளர்க்கிற வயலில் மற்றவற்றைப் போல இல்லாத செடி கலவன். பூப்பதற்குள் அதைப் பிடுங்கி எறியாவிட்டால் அதன் மகரந்தம் மொத்த விதையையும் கெடுத்துவிடும். ஒரு ஏக்கருக்குள் நுழைந்தால் தப்பான செடியில் என் கண் தானாகப் போய் நிற்கும். மனிதர்கள் விஷயத்தில் இந்தத் திறமை எனக்கு வாய்க்கவில்லை. மைத்துனரோடு கூட்டாக உரக்கடை வைத்தவன் நான்.

பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் போகிற சாலையிலுள்ள இந்தச் சிறிய நிலையத்துக்கு வந்தேன். இங்கே வேலை தலைகீழ். விவசாயிகள் தலைமுறையாக வைத்திருக்கும் நாட்டு மக்காச்சோளங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு வேற்றுமை இருக்கிறது என்று அளந்து, புதுக் கலப்பினம் உருவாக்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். மக்காச்சோளம் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் காற்றில் வாங்கிக் கருவுறுகிற பயிர். அதனால் ஒரு நாட்டு ரகம் என்பது அச்சில் வார்த்த பொம்மைக் கூட்டம் அல்ல, ஒரு ஊர். நெட்டை, குட்டை, முந்தினது, பிந்தினது, சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஒரே வயலில் நிற்கும். நாளைக்கு வறட்சியைத் தாங்குகிற குணம் தேவைப்பட்டால் அது அந்த ஊரில் யாரோ ஒருவனிடம் இருக்கும். பெரும்பாலும் பார்க்கச் சகிக்காத ஒருவனிடம்.

எனக்கு மேலதிகாரி கோமதி மேடம், தென்காசிப் பக்கத்துக்காரர். இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம். அவர் திட்டுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பார்: “இது பார்த்ததா, நினைச்சதா?” கதிர் நுனியில் வருகிற குஞ்சம் இளஞ்சிவப்பு என்று எழுதியிருப்பேன். நேற்று முழுக்க இளஞ்சிவப்பாகவே பார்த்த கை இன்றைக்கும் அதையே எழுதியிருக்கும். நினைத்தது என்று ஒப்புக்கொண்டால் திரும்ப வயலுக்கு நடக்க வேண்டும். அவரும் கூடவே வருவார். அதுதான் தண்டனை.

அளப்பதற்கு ஒரு பாத்தியில் இருபது செடிகளைத் தேர்ந்தெடுத்து நூல் கட்ட வேண்டும். முதல் நாள் நான் பார்த்துப் பார்த்து இருபது அழகான செடிகளில் கட்டி வைத்தேன். மேடம் அத்தனையையும் அவிழ்க்கச் சொன்னார். பிறகு வரப்பிலிருந்து ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எண்ணிக்கொண்டே போய், அங்கே எது நின்றதோ அதில் கட்டச் சொன்னார். பத்தாவது நோஞ்சான் என்றால் நோஞ்சானில்தான் நூல். கண்ணுக்கு அழகுதான் பிடிக்கும், அதனால் கண்ணிடம் தேர்வை விடக்கூடாது என்பது அவர் கட்சி. உயரம், தண்டின் நிறம், ஆண் பூ விரிந்த நாள், குஞ்சம் தலைகாட்டிய நாள், கதிரில் எத்தனை வரிசை மணி என்று எல்லாவற்றையும் பென்சிலால் குறிப்போம். பேனா வேர்வையில் கரைந்துவிடும்.

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரப் புஞ்சையில் ஒரு குடும்பம் பல நிற மக்காச்சோளம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். நாங்கள் போனபோது நார்க்கட்டிலில் பன்னிரண்டு சோளக்கருது உயரவாரியாக அணிவகுத்துப் படுத்திருந்தது. ஒன்றில்கூட ஒரு மணி குறையில்லை. மேடம் நன்றி சொல்லிவிட்டு, சின்னது, கோணல், பாதி மணி பிடிக்காதது எல்லாம் வேண்டும் என்றார். கருத்தப்பாண்டியின் முகம் மாறிவிட்டது.

“வீட்டுக்கு வந்தவியளுக்குச் சொத்தையக் குடுத்து அனுப்பவா? நாளப்பின்ன நான் ஊருக்குள்ள தலைகாட்ட வேண்டாமா?”

“நல்லதை மட்டும் வாங்கிட்டுப் போனா உங்க சோளத்தைப் பத்தி நாங்க பொய் எழுதின மாதிரி ஆயிரும்ங்க.”

“பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது நோஞ்சானையா எடுப்பாவ?”

உள்ளேயிருந்து அவர் மனைவி முத்துப்பேச்சி சொன்னார்: “ஏன், உங்கள எடுக்கலையா?”

சொல்லிக்கொண்டே ஒரு கடகம் நிறையக் கருதோடு வெளியே வந்தார். அடுப்படிக் கூரையில் தொங்கவிட்டிருந்தவை. விதையைப் பாதுகாப்பவர் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை ரகத்தையும் ஏன் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். நான் ஒரு பெரிய தத்துவத்தை எதிர்பார்த்துப் பென்சிலைத் தயாராக வைத்திருந்தேன்.

“மூத்தவனுக்குச் செவப்புதான் வேணும், நடுவுள்ளவளுக்கு மஞ்ச, கடக்குட்டிக்கு நாவப்பழக் கலரு. ஒன்னு கொறஞ்சா வீட்ல அடிதடி. அதான் எல்லாத்துலயும் ஒரு கை வெதைக்கி எடுத்து வைக்கேன்.”

பிள்ளைகள் அதற்குள் ஆளாகி, ஒருவன் பட்டாளத்துக்கும் ஒருவன் போலீசுக்கும் போய், மகளைச் செட்டியார்பட்டியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஐந்து கிலோ வாங்கி வந்தோம். அடுத்த பருவத்தில் விதைத்து அளந்தபோது, எங்களிடமிருந்த எல்லா ரகங்களிலும் அதிக வேற்றுமை அதில்தான் இருந்தது.

குளிர் அறையில் வைத்தாலும் விதைக்கு வயதாகும். முளைப்பு குறையத் தொடங்கினால் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். அதற்கும் முறை உண்டு. கதிரில் குஞ்சம் வெளியே வருவதற்கு முன்பே வெண்ணெய்த்தாள் உறை போட்டு மூடுவோம். ஆண் பூவுக்கு முதல் நாளே பழுப்பு உறை மாட்டி வைத்து, மறுநாள் பனி உலர்ந்ததும் உறைகளைத் தட்டி, பல செடிகளின் மகரந்தத்தை ஒன்றாகக் கலந்து, ஒவ்வொரு குஞ்சத்திலும் தூவித் திரும்ப மூடித் தேதி எழுதுவோம். நூறு கதிருக்குக் குறையக் கூடாது. எந்தச் செடியையும் விலக்கவும் கூடாது. இதற்கு மேல் மேடத்துக்கு ஒரு பழக்கம்: முதலில் வாங்கிய விதையில் ஒரு பங்கைத் தகட்டு உறையில் அடைத்து, யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்துவிடுவார்.

பத்துப் பதினோரு வருடத்துக்கு முன் சேத்தூர் ரகத்தின் முறை வந்தது. விதைத்துக் கொஞ்ச நாளில் மேடம் அவருடைய அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மாதம் விடுப்பில் போனார். போகும்போது அந்தப் பாத்தியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பொறுப்பு என்னிடம். அந்தச் சமயத்தில்தான் நிலையத்தை மதிப்பிட ஒரு குழு வருகிறது என்று கடிதம் வந்தது. எங்கள் பாத்திக்குப் பக்கத்திலேயே கலப்பினப் பாத்தி, கயிறு பிடித்த மாதிரி ஒரே உயரத்தில் நின்றது. எங்களுடையது தலைசீவாத பிள்ளைகளை வரவேற்புக்கு நிறுத்தியது போல இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடம் விதைப்பண்ணையில் இருந்தவன் வயலா இது என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். வருகிறவர்களுக்கு என்னையும் தெரியாது, விதைப்பண்ணையையும் தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை.

காலையில் வேலைக்கு வந்த ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அவர்களில் மூத்தவர் பாக்கியம் தயங்கினார்.

“ஏன் சார், இந்தப் பாத்தியில கை வைக்கக் கூடாதுன்னுல்லா அந்தம்மா சொல்லிட்டுப் போனாவ?”

“கலவனை மட்டும்தான் எடுக்கப் போறோம், பாக்கியம்.”

“இதுல எது சார் கலவன்? எனக்கு எல்லாமே கலவனாத்தான் தெரியுது.”

நாட்டு ரகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அன்றைக்கு அது எனக்கு எதிர்ப்பேச்சாகக் கேட்டது. நானே முன்னால் போய்க் காட்டினேன். குட்டைகள் போயின. தண்டு கருநீலமாக நெட்டையாகச் சாய்ந்து நின்றவை போயின. மற்றவை ஆண் பூவை வெளியே தள்ளிக்கொண்டிருக்க, பூக்கிற எண்ணமே இல்லாமல் நின்ற சோம்பேறிகள் எல்லாம் போயின. பதினொரு மணிக்குள் பாத்தி படித்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பிடுங்கியதைப் பாக்கியம் மாட்டுக்குக் கொண்டுபோனார். குழு வந்தது, அலுவலக அறையில் படங்கள் பார்த்தது, ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தது, போய்விட்டது. வயலுக்கு ஒருவரும் வரவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். கைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பதிவேட்டில் ‘நீக்கிய செடிகள்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். பூஜ்யம் போட்டால் பொய், எண்ணைப் போட்டால் உண்மை. கோடு, பேருந்து வராத நிறுத்தத்தின் நிழற்குடை. அதில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தேன்.

மேடம் திரும்பி வந்து பாத்தியைச் சுற்றி நடந்தார். ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்டார். “விதை பழசு மேடம், நிறைய முளைக்கலை” என்றேன். முளைப்பு குறைந்துதானே விதைத்தோம், அதனால் அவர் நம்பினார். இது கோடு அல்ல, முழுப் பொய். மிஞ்சிய செடிகளிலிருந்து நூறு கதிருக்கு மேல் எடுத்தோம். பழைய விதையைக் கழித்துவிட்டுப் புது விதையைக் குளிர் அறையில் வைத்தோம்.

அதன் பிறகு மாவட்டம் முழுக்கப் படைப்புழு வந்தது. முத்துப்பேச்சியின் வயலில் இரண்டு பருவம் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுப்படிக் கூரை காலி. கருத்தப்பாண்டியும் அதற்கு முந்தின வருடம் தவறிப்போயிருந்தார். ராஜபாளையத்தில் பேருந்து மாறி, ஒரு துணிப்பையோடு அந்தம்மா நிலையத்துக்கு வந்தார். தன் விதையைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டார். மேடத்துக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. இதற்காகத்தானே இவ்வளவும் என்றார். தராசில் நிறுத்துக் கொடுத்தது நான்.

அந்த வருடம் விதைக்க மழை பெய்தது. பிறகு குஞ்சம் விடுகிற நேரத்தில் பதினைந்து இருபது நாள் பொட்டு மழை இல்லை. மேடம் என்னைப் போய் வயலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வயல் முழுக்க ஒரே சமயத்தில் குஞ்சம் விட்டு, ஒரே சமயத்தில் கருகியிருந்தது. உரித்துப் பார்த்த கருதுகளில் பல் விழுந்த வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி.

“முன்னெல்லாம் எம்புட்டுக் காஞ்சாலும் பிந்துனது நின்னு குடுக்கும் சார்,” என்றார் முத்துப்பேச்சி. “இந்தத் தடவ பிந்துனதே இல்ல. நெலத்த ரெண்டு வருசம் சும்மா போட்டேம்லா, அதான் கோவிச்சுக்கிட்டு.”

மழைதான் ஏமாற்றிவிட்டது என்றேன். அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். மறு வருடம் அவர் நிலத்தைப் பருத்திக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

என் பணியின் கடைசி வருடத்தில் டிஎன்ஏ சோதனை வந்தது. எங்களிடமிருந்த எல்லா ரகங்களையும் முளைக்க வைத்து, இலையில் பொட்டளவு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவைக் கொண்டுவந்த இளம் விஞ்ஞானி அதைச் சுவரில் படமாகக் காட்டினார். ஒவ்வொரு செடியும் ஒரு புள்ளி, ஒத்த குணமுள்ளவை அருகருகே வரும். மற்ற ரகங்களின் புள்ளிகள் சோறு வைத்த இடத்துக் காக்கைகள் போலச் சிதறியிருந்தன. சேத்தூர் ரகம் மழைக்கு ஒதுங்கிய மாதிரி ஒரு மூலையில் நெருங்கிக்கொண்டு நின்றது. வேற்றுமை குறைவு, இதைக் கலப்பினத் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று அறிக்கை சொன்னது. காரணமும் போட்டிருந்தது: விவசாயியே விதைத் தேர்வில் குறுக்கியிருக்கலாம்.

மேடம் வெகுநேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, “அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்லையே” என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. அறிக்கையை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

“மேடம், அந்தம்மா குறைக்கலை. நான்தான் பிடுங்கினேன்.”

பேனா நின்றது. “எத்தனை?”

“எண்ணலை.”

“எது எதுன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம். பத்து வருஷமா இருக்கு.”

சொன்னேன். இளம் விஞ்ஞானி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கோட்டை அடிக்க விடவில்லை. அதன் கீழே, செய்ததை முழுதாக, அன்றைய தேதியிட்டு என்னையே எழுத வைத்தார். எழுதி முடித்ததும், “முத்துப்பேச்சி அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. என் தொழில் வாழ்க்கையில் முழுக்கச் சரிபார்க்கப்பட்ட தகவல் அது ஒன்றுதான்.

மேடம் ஒதுக்கி வைத்திருந்த தகட்டு உறையை அன்றே பிரித்தார்கள். இருபது வருட விதை. ஒரு பங்கை ஆய்வகம் வாங்கிக்கொண்டது. செத்த விதையிலும் டிஎன்ஏ இருக்கும், சாட்சி சொல்ல அதற்கு உயிர் தேவையில்லை. பழைய புள்ளிகள் சுவர் முழுக்கப் பரவி நின்றன. அறிக்கையிலிருந்த காரணம் மாறியது, ரகம் பட்டியலில் நிலைத்தது. ஆனால் பட்டியலை விதைக்க முடியாது. மீதி விதையை விதைக்கிற பருவம் வந்தபிறகுதான் ஈரத் துணியில் வைத்தார்கள். பெரும்பாலும் அழுகிவிட்டது. நாற்பதுக்கும் குறைவாகத்தான் முளைத்தது.

நான் சேத்தூருக்குப் போனேன். முத்துப்பேச்சி கதவு நிலையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் தயாரித்த முன்னுரையை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

“எதையெல்லாம் பிடுங்குனிய?”

“குட்டையை.”

“நெட்டையா, தண்டு கருநீலமா நிக்குமே?”

“அதையும்.”

“பிந்துனது?”

“அதை ஒன்னு விடாம எடுத்தேன்.”

அடுத்த மொச்சையை எடுத்தார்.

“நான் என் நெலத்தத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன் சார்,” என்றார். அன்று மோர் வரவில்லை. நானும் உட்காரவில்லை.

முளைத்தவற்றை இந்தப் புரட்டாசிக் கடைசியில் வயலில் நட்டார்கள். மேடம் வண்டி அனுப்பி முத்துப்பேச்சியை இரண்டு தடவை வரவழைத்தார். எது எந்தக் கருது தரும் என்று சொல்ல இப்போது வேறு ஆள் இல்லை. நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறேன். யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. எல்லாச் செடியும் குஞ்சம் விட்டு, மேடமே மகரந்தம் தூவி முடித்துவிட்டார், ஏழு செடிகளைத் தவிர. அந்த ஏழும் பச்சையாக நிற்கின்றன, பூ இல்லை. அவை பிந்துகிற ஜாதியா, அல்லது கிழட்டு விதையில் பிறந்து பூக்கவே திராணி இல்லாதவையா என்று மேடத்துக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்று செடிகளைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன், ஏழு செடிகள் அவசரப்படாமல் இருக்க வேண்டும் என்று வரப்பில் நிற்கிறேன்.

நேற்று முத்துப்பேச்சி மூன்றாவது தடவையாக வந்தார். ஒவ்வொன்றின் தண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். என்னம்மா தெரிகிறது என்று அருகே போனேன்.

“இப்பச் சொல்ல ஏலாது. பொங்கல ஒட்டித்தான் அது தலைகாட்டும்,” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க தள்ளி நில்லுங்க சார். கையப் பின்னால கட்டிக்கிட்டு.”

பொங்கலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இன்று காலையும் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பிலேயே நின்று எண்ணினேன். ஏழும் இன்னும் பூக்கவில்லை.